படம் போடுங்கள், இடம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர்வனவற்றையும் தவளைகளையும் காட்டில் தேடிப் பார்க்கும் பொழுதுபோக்கைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். பறவை பார்ப்பதைப் பற்றி எத்தனையோ வந்தாயிற்று, பல்லிக்கும் தேரைக்கும் இப்போதுதான் நாலு பக்கம் கிடைத்திருக்கிறது என்று ஆசையாகப் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அரிய பல்லி ஒன்றின் படத்துக்குக் கீழே, எந்தப் பாதையில் போய் எந்தப் பாறையருகே திரும்பினால் அதைப் பார்க்கலாம் என்று வழியே போட்டிருந்தீர்கள்.

பறவைக்குச் சிறகு இருக்கிறது. பல்லி தன் பாறையை விட்டு எங்கே போகும்? தெற்குச் சீனாவில் கோனியூரோசாரஸ் லூயி என்ற குகைப் பல்லியை 1999இல் முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். கிடைத்த இடமும் அந்த ஆய்வுக் கட்டுரையில் இருந்தது. செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடித்து விற்பவர்களுக்கு அதுவே போதுமானதாகிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்த இடத்தில் அந்தப் பல்லி இல்லாமலே போனது. அதனால்தான் அதே பேரினத்தில் 2015இல் இரண்டு புதிய இனங்களை விவரித்தவர்கள் இடத்தைச் சொல்லாமலே வெளியிட்டார்கள். பார்த்த உயிரினங்களை யாரும் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளங்களும் அழியும் நிலையிலுள்ள இனங்களின் சரியான இடத்தைத் தாமாகவே மறைத்துவிடுகின்றன. விஞ்ஞானிகளே வாய் திறக்காத விஷயத்தைப் பத்திரிகை ஏன் படக்குறிப்பில் போட வேண்டும்? செல்போனில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம் என்பதும் பலருக்கு நினைவிருப்பதில்லை.

அடுத்தது அந்தப் படங்கள். பாதிக்கு மேல் பிராணி யாரோ ஒருவர் கையில்தான் இருக்கிறது. தவளை தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது, தண்ணீரையும் தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. கொசுவிரட்டி தடவிய கையால் அதைத் தொடுவது நல்லதில்லை. அறுந்து விழுந்த பல்லி வால் மறுபடி முளைக்கும், சரி. ஆனால் பல இனங்கள் கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான். வட அமெரிக்கப் பாலைவன ஆமையைத் தூக்கினால் பயத்தில் சிறுநீர் கழித்துவிடும். வறண்ட மாதங்களைத் தாண்டுவதற்காக அது சேமித்து வைத்த தண்ணீர் அது. பாம்பைக் கையில் பிடித்து நிற்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். உலகில் ஆண்டுக்குக் குறைந்தது 81,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பலர் வயலில் வேலை செய்தவர்கள், பொழுதுபோக்குக்குப் போனவர்கள் அல்ல. விஷமுறிவு மருந்துக்கு எத்தனையோ இடங்களில் தட்டுப்பாடு இருக்கும்போது, படத்துக்காகக் கடி வாங்குவதை வீரம் என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பொழுதுபோக்கில் திறமை என்பது கண்டுபிடிப்பதில் இருக்கிறது, பிடிப்பதில் இல்லை. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு பத்தி கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. இரவில் டார்ச்சை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில், பார்வை போகிற கோட்டிலேயே வெளிச்சமும் போகும்படி பிடிக்க வேண்டும். அப்போதுதான் புல்லுக்குள் இருக்கும் தவளையின் கண் பளிச்சென்று திருப்பி அடிக்கும். (புதிதாக வருபவர்கள் ஓடிப்போய்ப் பார்க்கும் பளபளப்பில் முக்கால்வாசி சிலந்திக் கண்ணாகத்தான் இருக்கும். அதுவும் பார்க்க வேண்டியதுதான்.) குரல் மட்டும் கேட்டு ஆளைக் காணவில்லையா? இரண்டு பேர் சற்றுத் தள்ளித் தள்ளி நின்று, சத்தம் வரும் பக்கம் ஆளுக்கொரு கையை நீட்டுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தவளை இருக்கும். நெருங்கியதும் அது வாயை மூடிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நின்றால், கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தத் தொடங்கிவிடும்.

'கல்லைப் புரட்டிப் பாருங்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். எப்படிப் புரட்டுவது? எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் அதற்கும் நம் காலுக்கும் நடுவே கல் இருக்கும். விரல் கல்லுக்கு அடியில் போகக் கூடாது. நுனி வளைந்த நீளக் கம்பியான பாம்புக் கொக்கி எதற்கு இருக்கிறது? பார்த்து முடித்ததும் கல்லை இருந்த தடத்திலேயே, இம்மி பிசகாமல் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பாறையடியில் வாழும் பல்லிகளையும் பாம்புகளையும் பற்றி 2010இல் வந்த ஆய்வு, கல் சற்றே நகர்ந்திருந்தாலும் அந்த இடுக்கு அவற்றுக்கு அவ்வளவாகப் பயன்படாமல் போவதைக் காட்டியது. சரியாகத் திருப்பி வைத்த கற்களுக்கு அவை மறுபடி வந்தன. அடியில் தேரை இருந்தால் அதன் மேலேயே கல்லை இறக்கிவிடாதீர்கள். முதலில் கல்லை வைத்து, தேரையை ஓரத்தில் விட்டால் அதுவே உள்ளே போய்விடும்.

பூட்ஸைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் குறைந்தது 501 இனங்களின் எண்ணிக்கை சரிந்ததாகவும் அவற்றில் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுவதாகவும் 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு குட்டையின் சேறு ஒட்டிய பூட்ஸோடு அடுத்த குட்டையில் இறங்குகிறவர் அந்தப் பூஞ்சைக்கு வண்டி ஓட்டுகிறார். சேற்றைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, நன்றாகக் காயவைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

அச்சில் வந்ததை இனி ஒன்றும் செய்ய முடியாது. இணையப் பதிப்பில் அந்தப் பல்லிப் படத்தின் குறிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதை விட, அதை இன்றே நீக்குவதுதான் எனக்கு முக்கியம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்