பூனையின் பெயர் இருக்கிறது, என் பெயரைக் காணோம்

ஓப்பன் சோர்ஸ் பாதுகாப்புக் கருவிகளைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் உங்கள் ஸ்கேனர்களை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. உங்களில் பலர் சம்பளமில்லாமல் கண்விழித்து உழைப்பதும் தெரியும். ஆனாலும் ஒரு மனக்குறை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருளில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தேன். நிறுவனத்துக்கு எழுதி, அதை அடைக்கும் பேட்ச் வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் விவரத்தை வெளியிட்டேன். இரண்டே நாளில் ஒரு கருவியில் அதற்கு டெம்ப்ளேட் (அந்த ஓட்டையை எப்படித் தேடுவது என்று ஸ்கேனருக்குச் சொல்லும் சிறு கோப்பு) வந்துவிட்டது. சோதனைக்காக நான் போட்டிருந்த என் பூனையின் பெயர்கூட அதில் அப்படியே இருந்தது. ஆத்தர் என்ற இடத்தில் வேறொருவர்.

அவர் திருடினார் என்று சொல்லவில்லை. டெம்ப்ளேட்டை எழுதியது அவர்தானே! நியூக்ளி என்ற ஸ்கேனரை எடுத்துக்கொள்ளுங்கள்: அதில் ஆத்தர் என்றால் டெம்ப்ளேட்டை எழுதியவர். கண்டுபிடித்தவர் பெயர் ரெஃபரன்ஸ் சுட்டிக்குப் பின்னால் எங்கோ கிடக்கும். அந்தப் பக்கம் அழிந்தால் பெயரும் போச்சு. ஓட்டைகளைத் தாக்கிச் சோதிக்கும் மெட்டாஸ்ப்ளாய்ட் கருவியின் மாட்யூல்கள் பலவற்றில் கண்டுபிடித்தவரையும் ஆத்தர் பட்டியலிலேயே சேர்த்து, யார் என்ன செய்தார் என்று பக்கத்தில் கமெண்ட் போட்டிருப்பார்கள். ஓட்டைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் சி.வி.இ. பதிவின் இப்போதைய வடிவத்திலும் கண்டவர், தெரிவித்தவர், திருத்தம் எழுதியவர் என்று வகை பிரித்துக் குறிக்க இடமுண்டு. கட்டாயமில்லை என்பதுதான் சிக்கல்.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே மென்பொருளில் லாக்ஃபோர்ஷெல் என்ற ஓட்டை வெளியே வந்தபோது தூக்கமில்லாமல் ஸ்கேன் ஓட்டினோமே, நினைவிருக்கிறதா? நவம்பர் 24 அன்றே அதை அந்த மென்பொருளைப் பராமரிக்கும் அப்பாச்சிக்குத் தெரிவித்தவர் அலிபாபா கிளவுடின் சென் சாவ்ஜுன். அப்பாச்சி அவர் பெயரைப் போட்டது. ஸ்கேன் ஓட்டிய நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

எம்ஐடி போன்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் கோடுக்குத்தான் காவல், கண்டுபிடிப்புக்கு இல்லை. ஆகவே சட்டப்படி யாரும் உங்களைக் கேட்க முடியாது. கண்டுபிடித்தவர் பெயரையும் டெம்ப்ளேட்டிலேயே போடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

பெரிய வேலையும் இல்லை. நியூக்ளி டெம்ப்ளேட்டில் கூடுதல் விவரங்களுக்கான மெட்டாடேட்டா பகுதியில் நாமே புது வரி சேர்க்கலாம்; எஞ்சினைத் தொட வேண்டாம். ஒரு பெயருக்கு மட்டும் இடம் வைத்துவிடாதீர்கள்: 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனப் பொறியாளர்களும் தனித்தனியாகக் கண்டார்கள். பெயர் வேண்டாம் என்பவர்களும் உண்டு, கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பழைய டெம்ப்ளேட்களை நிரப்ப ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பூனை இருக்கும் டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
உங்கள் கருவிகளின் பயனர் ஒருவன்