நேத்து போலாம், அப்பா

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனை வைக்கப்போகும் நேரத்தில், "அப்பா, சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்டாய். "ரொம்ப சுட்டி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. முதல் மூன்று வருஷங்களில் நடந்தது எதுவுமே உனக்கு ஞாபகம் இருக்காது; பெரும்பாலானவர்களுக்கு முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதுக்கு அப்புறம்தான். அந்தக் காலத்து உன்னைத் தெரிந்தவர்கள் அம்மாவும் நானும்தான். ஒற்றை வார்த்தையில் முடித்திருக்கக் கூடாது.

உனக்கு ஒரு வயது முடிய சில நாட்களே இருந்தபோது, கட்டில் காலைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு மூன்று அடி நடந்தாய். தொப்பென்று உட்கார்ந்தாய். அழவில்லை. கையைத் தட்டினாய். விழுவதும் நடப்பதில் ஒரு பகுதி என்றே நீ நினைத்திருக்க வேண்டும். 12 முதல் 19 மாதக் குழந்தைகளைக் கவனித்து எழுதிய ஒரு ஆய்வு 2012-ல் வந்தது. தன் போக்கில் விளையாடும் குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி நடக்குமாம், 17 முறை விழுமாம். படித்ததும் உன் முழங்கால்கள்தான் கண்முன் வந்தன. பதினேழு முறையும் எழுந்தவள் நீ.

நடை வந்த பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. என் செருப்பில் கால் நுழைத்து, அதை இழுத்துக்கொண்டே வாசல் வரை போவாய். உன் செருப்பைப் போட்டுவிட்டால் கழற்றி, வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு, "இப்ப சரி" என்பாய். தெருமுனைக்குப் போய் வர எனக்கு ஐந்து நிமிஷம். உன்னோடு போனால் முக்கால் மணி நேரம். எறும்பு வரிசை ஒன்று கண்ணில் பட்டால் போதும், குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாய். "எங்க போகுது?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் எறும்பிடமே குனிந்து கேட்பாய். வழியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் என் சட்டைப் பைக்குள் வரும். துவைக்கும் நாளில் அம்மா கற்களை எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பாள். ஒரு கல்கூட வெளியே போனதில்லை, நீ விடமாட்டாய்.

நிழலை நீ கண்டுபிடித்த நாளைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். மொட்டை மாடி, சாயங்கால வெயில். ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாய். காலடியிலிருந்து நீளமாக ஏதோ ஒன்று தரையில் கிடக்கிறது. ஒரு காலைத் தூக்கினாய், அதுவும் தூக்கியது. ஓடினாய், கூடவே வந்தது. உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தேய்த்துப் பார்த்தாய், போகவில்லை. உன் துண்டைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டு மூடினாய். நிழல் துண்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கீழுதடு பிதுங்க என்னைப் பார்த்து, "எடு" என்றாய். எப்படி எடுப்பது? உன்னைத் தூக்கிக்கொண்டேன். என் நிழலோடு உன் நிழலும் ஒன்றாகிவிட்டது. கழுத்தை வளைத்துத் தரையைப் பார்த்தாய். "அப்பாகிட்ட வந்திச்சு" என்று சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய். இதை எழுதும்போதும் அந்தத் தோள் சூடாக இருக்கிறது கண்ணு.

கண்ணாடி முன்னால் நடந்தது அதற்குச் சில வாரம் கழித்து. அதுவரை கண்ணாடிக்குள் இருந்த பாப்பாவுக்கு முத்தம் கொடுப்பாய், பின்பக்கம் போய்த் தேடுவாய். ஒருநாள் என் பேனாவை எடுத்து விளையாடியதில் உன் நெற்றியெல்லாம் மை. கண்ணாடியைப் பார்த்தவள் அதைத் தொடவில்லை. உன் நெற்றியைத் தொட்டாய். குழந்தைகளுக்கு ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் 'அது நான்தான்' என்பது புரிகிறது என்பார்கள். அது உனக்குப் புரிந்த நிமிஷத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

பேச்சு வந்ததும் காலமெல்லாம் கலந்துவிட்டது. உனக்கு இன்று அல்லாத எல்லா நாளும் 'நேத்து'தான். "நேத்து மாடிக்குப் போலாம், அப்பா" என்பாய். மூன்று வயது தாண்டியதும் தானாகச் சரியாகிவிட்டது. சரியாகச் சொன்ன முதல் நாள் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அம்மாவும் நானும் இன்னும் விடவில்லை. எங்காவது கிளம்ப வேண்டுமென்றால், "நேத்து போலாமா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று நீ கேட்டதே இல்லை.

நிழல் கதையை அம்மாவிடமும் கேள். நீ போட்டு மூடியது துண்டை அல்ல, தன் புடவையை என்று அவள் சொல்வாள். துண்டுதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கற்களில் ஏழு இன்னும் ஜன்னலில் இருக்கின்றன. வந்தால் எடுத்துக்கொள், இல்லை, இங்கேயே இருக்கட்டும் என்றாலும் சரி.

அன்புடன்,
அப்பா