கரிக்கார அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

போர்ட்-ஓ-பிரின்ஸ், ஹெய்ட்டி, மார்ச் 1986

அன்புள்ள எங்கள் சந்துக்காரர்களே,

பிப்ரவரி 7 அன்று அப்பனுக்குப் பின் நம்மை ஆண்ட சர்வாதிகாரி, டுவாலியரின் மகன், நாட்டை விட்டு விமானம் ஏறிவிட்டான் என்று கேட்டதுமே பெட்டியைக் கட்டிவிட்டேன். இப்போது அம்மாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கசால் கிராமத்து விவசாயிகள், எழுத்தாளர் ஜாக் ஸ்தெஃபான் அலெக்சி என்று எத்தனையோ பேரை அந்த ஆட்சி கொன்றது. நான் மிஞ்சினேன்.

1969-இன் தொடக்கத்தில்தான் எங்கள் ஒன்றுபட்ட கம்யூனிஸ்ட் கட்சி உருவானது. ஏப்ரலிலேயே அந்தச் சட்டம் வந்துவிட்டது: கம்யூனிஸ்டுக்கும் மரணம், உடந்தைக்கும் மரணம். யார் உடந்தை என்பது டுவாலியரின் குண்டர்படையான மக்கூத் வைத்த சட்டம். நான் தப்பிப் போன பிறகு தண்ணீர்க் குழாயடியில்கூட அம்மாவை விட்டு விலகி நின்றார்களாம். அதில் எனக்கு யார் மேலும் வருத்தமில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள் வேறென்ன செய்வார்கள்?

கரிக்கார அம்மா மட்டும் கூடையை இறக்கிவைத்து, வாசலில் நிற்பவர் சொல்லும் முறைப்படி, தெருவே கேட்க "ஒனே!" (கௌரவம்!) என்று குரல் கொடுப்பாராம். உள்ளிருந்து "ரெஸ்பே!" (மரியாதை!) என்று பதில் வரும்வரை நகரமாட்டாராம். கரியை அளந்தபடியே, "உன் பிள்ளை கடவுளே இல்லை என்கிறவன், உருப்படுவானா?" என்று திட்டுவாராம். திட்டி முடித்துவிட்டு, டின் நிறைந்த பிறகும் ஒரு கை கரி கூடப் போடுவாராம். காசில்லாத வாரங்களில் கணக்கே கேட்டதில்லையாம். இந்த அம்மா எந்த வர்க்கம் என்று எங்கள் கட்சி வகுப்பில் கேட்டிருந்தால் விடிய விடிய விவாதித்திருப்போம். என் அம்மாவின் சோறு யார் கரியில் வெந்தது என்பதில் மட்டும் விவாதமில்லை.

அப்புறம், கோனாயிவ் நகரில் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்களுக்கு, அரசு மூடியும் அடங்காத கத்தோலிக்க வானொலி ரேடியோ சோலேய்காரர்களுக்கு, மாண்ட்ரியாலில் எனக்குக் குளிர்கோட்டு தந்தவர்களுக்கு, அம்மாவின் கடிதங்களைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கன்னியாஸ்திரிக்கு, எல்லோருக்கும் நன்றி. பெயர்களை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. மகன் போனான், மக்கூத்துகள் எல்லோரும் போய்விடவில்லை.

வரும் ஜனவரி 1, விடுதலை நாள் பூசணி சூப் எங்கள் வீட்டில்தான். முதல் கிண்ணம் கரிக்கார அம்மாவுக்கு. குடிப்பதற்கு முன் ஜெபம் பண்ணச் சொல்வார், தெரியும். சரி, தலையைக் குனிந்து உட்காருகிறேன். ஆமென் மட்டும் அம்மா சொல்லட்டும்.