பயொப்சித் துண்டின் எந்தப் பக்கம் மேற்பக்கம் என்பதையும் எழுதி அனுப்புங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரத்தப் பரிசோதனையின் முடிவு அன்றைக்கே கிடைக்கும்போது, நோயை அறிய உடலிலிருந்து வெட்டி எடுத்த சிறு துண்டொன்றை, அதாவது பயொப்சியை, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள் செல்கிறது என்றும், ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் மனம் வைத்தால் அதையும் மறுநாளே தந்துவிடலாம் என்றும் மூதூர் வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். தாயாரின் அறிக்கைக்காகக் காத்திருந்தவருடைய ஆதங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், இழையத் துண்டுகளை மெழுகில் பதித்து நுணுக்குக்காட்டிக்கு ஆயத்தப்படுத்தும் வேலையில் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், தாமதத்தைக் குறைக்கக்கூடிய இடம் அவர் காட்டிய இடம் அன்று என்பதையும், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு என்பதையும், அந்த இடத்துக்கு வந்துசேர வேண்டிய ஒரு தகவல் பெரும்பாலும் வருவதேயில்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

இரத்தத்தைக் கண்ணாடி வழுக்கியில் மெல்லியதாகப் பூசினால் ஒளி அதனூடே செல்லும். இழையத்தையோ 3 முதல் 5 மைக்ரோமீற்றர் வரையான தடிப்பில், அதாவது தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சீவி எடுக்க வேண்டும். பச்சைத் துண்டை எவ்வளவு கூரான அலகாலும் அந்த அளவுக்குச் சீவ இயலாது. உறையவைத்துச் சீவும் முறை ஒன்று உண்டுதான். சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே விடை தேவைப்படுகிற இடங்களில் அது கைகொடுக்கும். ஆனால் அதில் கலங்களின் நுட்பமான தோற்றம் குலைந்துவிடுவதால், இறுதி அறிக்கைக்கு மெழுகு முறையையே நாடுகிறார்கள்.

மெழுகு முறைக்குரிய நேரத்தை இழையமே தீர்மானிக்கிறது. துண்டு முதலில், அழுகாமல் காக்கும் திரவமாகிய பத்து வீதப் போமலினில் பதப்பட வேண்டும். போமலினோ மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம், அதுவும் ஆழம் கூடக்கூட இன்னும் மெதுவாகவே, உள்ளே இறங்கும். மார்பகப் புற்றுநோய்த் துண்டில், எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதைக் காட்டும் ஹோர்மோன் வாங்கிகளைச் சோதிக்க வேண்டுமானால், அது 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் போமலினில் இருந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. நீரும் மெழுகும் ஒன்றுசேரா என்பதால், அடுத்ததாக 70 வீதத்திலிருந்து 100 வீதம் வரை படிப்படியாகச் செறிவு கூடும் அற்ககோல்களில் நீரை அகற்றி, அற்ககோலோடும் மெழுகோடும் ஒருங்கே கலக்கக்கூடிய சைலீனில் அற்ககோலை அகற்றி, ஈற்றில் 60 பாகை செல்சியஸ் அளவில் உருகிய பரபின் மெழுகை அந்த இடத்தில் நிரப்ப வேண்டும். எட்வின் கிளெப்ஸ் 1869 இல் பரபினையும், பேர்டினண்ட் புளும் 1893 இல் போமலினின் பதப்படுத்தும் இயல்பையும் காட்டிய பின்னர் இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. இயந்திரம் இரவோடிரவாக இவ்வேலையைச் செய்து முடித்துவிடும்; இதைச் சில மணித்தியாலங்களுக்குள் முடிக்கும் நுண்ணலை இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆகவே ஒரு துண்டு வாரக்கணக்கில் காத்திருப்பதற்கு இது காரணமாகாது.

காலையில் கசற்றுகள் வெளியே வந்த பின்னர் நடப்பதே நான் சொல்லவந்த வேலை. கசற் என்பது தீப்பெட்டியிலும் சிறிய, துளையிட்ட பிளாஸ்ரிக் பெட்டி. சாதாரணப் பேனை மை சைலீனில் கரைந்துவிடும் என்பதால் நோயாளியின் ஆய்வுகூட இலக்கம் அதன் சரிந்த முகப்பில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கசற்றை மட்டுமே திறந்து, இலக்கத்தை வாசித்து, பதிவேட்டில் எத்தனை துண்டு என்று இருக்கிறதோ அத்தனையும் இருக்கின்றனவா என எண்ணிக்கொள்ள வேண்டும். துருப்பிடிக்காத உருக்கினாலான அச்சில் உருகிய மெழுகைச் சிறிது விட்டு, சூடாக்கிய சாவணத்தால் துண்டை எடுத்து அதன் அடியில் வைத்து, அச்சைக் குளிர்ந்த தட்டில் ஒரு கணம் தொடுவித்தால், அடியிலுள்ள மெழுகு வெளுத்துத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். துண்டு எந்தத் திசையில் நிற்கப்போகிறது என்பது அந்த ஓரிரு விநாடிக்குள் முடிவாகிவிடும். அதன் பிறகு கசற்றின் அடிப்பாகத்தை மேலே வைத்து, மெழுகு நிரப்பி, பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகை அளவிலுள்ள தட்டில் ஆறவிட்டால், துண்டைத் தாங்கிய மெழுகுக் கட்டியான புளொக் கழன்று வரும். அச்சின் அடியில் படிந்த முகமே, சீவல் எடுக்கும் இயந்திரமான மைக்ரோடோமின் கத்தி முதலில் சந்திக்கும் முகம்.

சாவணம் ஆறிவிட்டால் நுனியில் மெழுகு உறைந்து துண்டு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். துடைக்காத சாவணத்தோடு அடுத்த கசற்றைத் திறந்தால் ஒருவருடைய இழையத்தின் துணுக்கு இன்னொருவருடைய புளொக்கில் ஏறிவிடும். புற்றுநோய் இல்லாதவருடைய வழுக்கியில் புற்றுநோய்க் கலங்கள் தோன்றுவதற்கு அந்தத் துணுக்கு ஒன்றே போதும். 'கெதியாக முடியுங்கோ' என்று தொலைபேசியில் சொல்பவர்கள் இந்த மேசையின் முன் கால் மணி நேரம் நின்று பார்க்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

திசைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். குழல் பிட்டை நீளவாக்கில் பிளந்தால் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காகத் தெரியும்; குறுக்கே அரிந்தால் அரிந்த இடத்தில் எது இருந்ததோ அது மட்டுமே தெரியும். தோலும், வாயினதும் குடலினதும் உட்புறத்தை மூடியிருக்கும் சீதமென்சவ்வும், பித்தப்பையின் சுவரும் இப்படி அடுக்குகளாலானவை. எனவே அவற்றை அச்சில் படுக்கவைக்காமல், எல்லா அடுக்குகளும் கத்திக்கு ஒரே நேரத்தில் முகம் காட்டும்படி விளிம்பில் நிறுத்திப் பதிக்க வேண்டும். குடல்வாலையும் இரத்தக்குழாயையும் வட்டமாக வெட்டுப்படும்படி நட்டுவைப்பதும், ஊசியால் எடுத்த மெல்லிய இழைகளை ஒரே மட்டத்தில் கிடத்துவதும் இதன் மறுவகைகள்.

இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முன்னிற்பது வாய்ப்புற்றுநோய் என்பதும், வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் அதற்குப் பெருங்காரணம் என்பதும் தங்கள் வாசகர்கள் அறிந்தவையே. நாக்கின் ஓரத்துப் புண்ணிலிருந்து எடுத்த மூன்று நான்கு மில்லிமீற்றர்த் துண்டொன்று மெழுகில் சரிந்து படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மேற்பரப்பு அடுக்கான மேலணியிலிருந்து இயல்பாகவே கீழ்நோக்கி இறங்கும் மடிப்புகள் சரிவாக வெட்டுப்பட்டு, அதன் கீழுள்ள தொடுப்பிழையத்தின் நடுவே தனித்த தீவுகளாகத் தோன்றும். ஊடுருவத் தொடங்கிய புற்றுநோயும் அவ்வாறே தோன்றும். அனுபவமுள்ள நோயியல் நிபுணர் ஐயம் கொண்டு, புளொக்கை உருக்கித் திருப்பிப் பதிக்கச் சொல்வார். ஆனால் முகத்தைச் சமப்படுத்தச் சீவியதிலேயே துண்டின் பாதி போயிருக்கும். மீதியில் விடை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நோயாளி மறுபடியும் வாயைத் திறந்து இன்னொரு துண்டு கொடுக்க வேண்டியதுதான். சத்திரசிகிச்சையில் கட்டியையே வெட்டி எடுக்கும்போது இதன் பாரம் இன்னும் கூடும். வாய்ப்புற்றுநோய் 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாததாயினும், உள்ளிறங்கிய ஆழம் 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் அது, கட்டி எவ்வளவு முற்றியது என்பதைக் குறிக்கும் ரி1 வகையிலிருந்து அடுத்த படியான ரி2 வகைக்கு மாறிவிடும் என்பதே இன்றைய வகைப்படுத்தல். சரிந்து நிற்கும் துண்டில் அந்த ஆழத்தைச் சரிவர அளக்க முடியாது.

இப்படியிருந்தும், துண்டோடு வரும் படிவத்தில் 'நாக்குப் புண், பயொப்சி' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதப்படாத நாட்களே அதிகம். போமலினும் சைலீனும் கண்ட பிறகு துண்டு சுருங்கி, நிறம் மாறி, சுருண்டு வரும். அதில் எது நாக்கின் மேற்பரப்பு, எது வெட்டிய பக்கம் என்பதை உருப்பெருக்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதைத் தவிர்ப்பது எளிது. துண்டை எடுத்தவுடன் சிறிய வடிதாள் ஒன்றில், சீதமென்சவ்வுப் பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி, சில விநாடி ஒட்டவிட்டு, தாளோடு போமலினில் இட்டால் சுருளாது. பெரிய துண்டாயின் ஓர் ஓரத்தில் நூல் ஒன்றைத் தைத்து, அந்த நூல் எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்பதைப் படிவத்தில் எழுதலாம். நோயியல் நிபுணரும் துண்டை வெட்டிக் கசற்றில் இடும்போது, பதிக்கவேண்டிய முகத்தை, சைலீனில் கரையாத மையால் தொட்டு விடலாம். சில வைத்தியர்கள் இவற்றைத் தவறாமல் செய்து வந்தார்கள்; அவர்களுடைய துண்டுகளை மீளப் பதிக்க வேண்டி வந்தது மிக அரிது.

எங்கள் ஊரின் காலநிலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் குளிரூட்டி நின்றுவிட்டால், மெழுகு மிருதுவாகி, கத்தி பட்டதும் சீவல் நெரிந்து சுருங்கும். ஐஸ் கட்டியைப் புளொக்கின் முகத்தில் வைத்து வைத்துத்தான் வெட்ட வேண்டும். மெழுகின் உருகுநிலை 56 பாகையா 60 பாகையா என்பதைக் கேள்விமனுவில் குறிப்பிடாமல், விலையை மட்டும் பார்த்துக் கொள்வனவு செய்பவர்கள் இதையும் கருத்தில் கொள்ளலாம்.

பொதுமக்களுக்கும் இரண்டொரு வார்த்தை. தனியார் சிகிச்சை நிலையங்களில் எடுத்த துண்டைக் கிண்ணியாவிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ்ஸில் கையோடு கொண்டுவருபவர்கள் உண்டு. நெடி தாங்காமல் போமலினை ஊற்றிவிட்டு வெறும் தண்ணீரையோ சேலைனையோ விட்டுக் கொண்டுவந்தால், வந்துசேர்வதற்குள் துண்டு அழுகத் தொடங்கிவிடும். பிறகு எந்த மேசையிலும் அதை மீட்க முடியாது. துண்டைப் போலப் பத்து மடங்கு போமலின் கொள்ளும் அகன்ற வாய்ப் போத்தலையே கேட்டு வாங்குங்கள். ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலுக்குள் மிருதுவாக இருக்கும்போது திணித்த துண்டு, இறுகிய பின்னர் வெளியே வராது. மகரகமவுக்கோ மட்டக்களப்புக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்லும்போது, அறிக்கையோடு புளொக்கையும் வழுக்கிகளையும் கேட்டால் திகைக்க வேண்டாம்; புதிய நிறமூட்டல்களை அந்த மெழுகிலிருந்தே செய்ய முடியும். 1918 இல் இன்புளுவென்சாவால் இறந்த அமெரிக்கப் படைவீரரின் நுரையீரல் மெழுகில் பதிக்கப்பட்டிருந்ததால், அதிலிருந்து அந்த வைரசின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து 1997 இல் ஆய்வறிக்கை வெளியிட முடிந்தது. அறிக்கையிலுள்ள ஆய்வுகூட இலக்கத்தைத் தனியாகக் குறித்து வைத்திருங்கள்; புளொக்கைத் தேடி எடுக்க உதவுவது அந்த இலக்கமே.

உண்மையான தாமதம், வாகனம் வரும் நாள்வரை மாதிரிகள் விடுதியில் காத்திருப்பதிலும், நோயியல் நிபுணர்களின் தொகை வேலைக்கு ஈடாக இல்லாததிலும், பதிக்கும் மேசைக்குப் பழகிய கை ஒன்று கிடைத்தவுடன் அவரை இரத்தப் பரிசோதனைப் பகுதிக்கு மாற்றிவிடுவதிலும் இருக்கிறது. இவற்றுக்குப் பணமும் ஆளணி அனுமதியும் வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் பயொப்சிப் படிவத்தை அடுத்தமுறை அச்சிடும்போது, 'துண்டின் மேற்பக்கம் எது, எவ்வாறு அடையாளமிடப்பட்டுள்ளது' என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்த அனுமதியும் தேவைப்படாது என நம்புகிறேன். அந்த வரி நிரப்பப்படாத படிவத்தை ஆய்வுகூடம் ஏற்காமல் திருப்பி அனுப்பலாம் என்ற அதிகாரத்தையும், சுகாதாரத் திணைக்களத்தில் இதற்குப் பொறுப்பானவர்கள் கூடவே வழங்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
உவர்மலை, திருகோணமலை.