காய்ச்சல் விட்டாப் பிறகுதான் கவனம்

மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. மகள் கம்பஸ்ஸில எபோலாவைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யிறாள் எண்டதும் எனக்குச் சரியான புழுகம். இஞ்ச மாரி துவங்கிட்டுது, கூடவே டெங்கும் வந்திட்டுது, வார்ட்டில கட்டில் காணாமல் இருக்கு.

ஒரே வைரஸ் பிடிச்ச ரெண்டு பேரில ஒராள் தப்ப மற்றாள் ஏன் சாகுது எண்டு கேட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. 1996இல ஆபிரிக்காவில காபொனில எபோலா வந்த ஆக்களின்ர இரத்தத்தைச் சோதிச்சுப் பாத்தவை, தப்பினாக்களுக்குத் துவக்கத்திலயே பிறபொருளெதிரி, அதான் கிருமியை மடக்க உடம்பு செய்யிற புரதம், உண்டாகியிருக்கு, செத்தாக்களில அது கிட்டத்தட்ட உருவாகவே இல்லை, சண்டை பிடிக்க வேண்டிய ரீ கலங்கள் எண்ட வெள்ளணுக்களும் அழிஞ்சு போச்சு. 1995இல கொங்கோவின்ர கிக்விற்றில தப்பின ஒராளின்ர இரத்தத்தில பத்து வருசத்துக்கு மேலாகியும் அந்த வைரசை அடையாளம் கண்டு எதிர்க்கிற நிர்ப்பீடன நினைவு இருந்திருக்கு மச்சான், அதில இருந்து எடுத்த பிறபொருளெதிரியைத்தான் பிறகு மருந்தாக்கினவை. கொங்கோவில 2018-19இல குடுத்துப் பாக்கேக்க 100இல 35 பேர் அளவில செத்தவை, ஆனா உடம்பில வைரஸ் குறைவா இருக்கேக்க மருந்து ஏறினாக்களில 10 பேர் அளவுதான். அந்த வித்தியாசத்தை வடிவாப் பாக்கச் சொல்லு.

டெங்கு இதுக்கு நேர்மாறு. அதில நாலு வகை இருக்கு, ஒருக்கா வந்தா அந்த வகை திரும்ப வராது, ஆனா வேற வகை வரேக்க பழைய பிறபொருளெதிரி போய் வைரசில ஒட்டும், கொல்லாது, கலத்துக்குள்ள அது இன்னும் லேசாப் பூர வழி விட்டிடும். கியூபாவில 1977இல முதலாம் வகை பரவினது, 1981இல ரெண்டாம் வகை வந்து மூண்டு லட்சத்துக்கு மேல ஆக்களுக்குப் பிடிச்சு 158 பேர் போயிட்டினம், அதில கனபேர் சின்னப் பிள்ளையள்.

எனக்கு நெஞ்சு பதறுறது என்னெண்டா, காய்ச்சல் விட்டிட்டுது எண்டு தாய்மார் பிள்ளையைத் துண்டு வெட்டி வீட்ட கூட்டிக்கொண்டு போகக் கேக்கிறதுதான். அப்பதான் இரத்தக் குழாயளில இருந்து நீர் கசியத் துவங்கும், ஒரு நாள் ரெண்டு நாளைக்கு, அதுக்குள்ள சேலைன் குறைஞ்சா ஷொக், கூடினா நுரையீரலில தண்ணி. வீட்டாக்கள் பிளேட்லெட் எத்தினை எண்டுதான் கேக்கினம், பப்பாசி இலைச் சாறு கொண்டு வருகினம், நாங்கள் பிசிவி, அதான் இரத்தம் தடிக்கிற அளவு, ஏறுதா, மூத்திரம் போகுதா, கைகால் குளிருதா எண்டுதான் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பாக்கிறம்.

மார்கழியில வாறன் எண்டு எழுதினனி. 2017இல இலங்கை முழுக்க ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு வந்த நேரம் உனக்கும் வந்ததெல்லே, அப்ப உனக்கு இனி வாறது ரெண்டாந்தரம். இஞ்ச நிக்கேக்க காய்ச்சல் எண்டா பனடோல் மட்டும் போடு, புரூபன் அஸ்பிரின் தொடாத, உடன எனக்கு கோல் எடு. பின்னேரத்தில முழுக்கைச் சேட்டும் போடு, வீட்டுக்குப் பின்னால கிடக்கிற சிரட்டையள், டயர் எல்லாம் நான் ஆள் விட்டுத் துப்புரவாக்கி வைக்கிறன்.

அன்போட,
உன்ர பழைய கூட்டாளி