காய்ச்சல் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தையின்மை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நீர்க்கட்டி, தைராய்டு, கருக்குழாய் அடைப்பு என்று பெண்ணின் உடலுக்கு மூன்று பக்கம். ஆணுக்கு மூன்றே வரி: புகை, மது, இறுக்கமான உள்ளாடை. முப்பது வருஷத்துக்கு மேல் லேபில் மைக்ரோஸ்கோப்போடு குப்பை கொட்டியவன் நான். நான்காவது வரியாகச் சளிக்காய்ச்சலையும் சேர்த்திருக்கலாம்.

ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். கல்யாணமாகி இரண்டு வருஷம். செமன் டெஸ்டில், அதாவது விந்துப் பரிசோதனையில், மில்லிக்கு 50 லட்சம் விந்தணுக்கள்தான் இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி கீழ் எல்லையே 1 கோடியே 60 லட்சம். ரிப்போர்ட்டை வாங்கியவன் நகரவில்லை. பேச்சுக் கொடுத்தபோது, போன மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன், 103 வரை போயிற்று என்றான். எங்கள் விண்ணப்பத் தாளில் 'விந்து வெளியேறி எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்' என்று கேட்க ஒரு கட்டம் உண்டு. காய்ச்சலுக்குக் கட்டம் கிடையாது. மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பினேன். திரும்பி வந்தபோது கவுன்ட் 4 கோடியைத் தாண்டியிருந்தது. ஆனால் அதற்குள் வீட்டில் நகையை அடகு வைத்து ஒரு கருத்தரிப்பு மையத்தில் முன்பணம் கட்டிவிட்டிருந்தார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. விரைகள் உடம்புக்கு வெளியே இருப்பதே குளிர்ச்சிக்காகத்தான். உடற்சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். நாலு நாள் கடும் காய்ச்சல் அடித்தால் அந்த ஏற்பாடு கெட்டுவிடுகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், முதிர்ந்து வெளியே வர மேலும் ஒன்றிரண்டு வாரம். எங்கள் டெல்டாக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு குறுவை. நாற்றுப் பருவத்தில் தண்ணீர் நின்றால் அறுப்பில்தானே தெரியும்!

கொரோனாவிலும் இதைப் பார்த்தார்கள். 2020 அக்டோபர் முதல் 2021 ஏப்ரல் வரை பாட்னா எய்ம்ஸில் தொற்றோடு வந்த 30 ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். 12 பேருக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தது. 74 நாள் கழித்து மறுபடி எடுத்தபோது அது 3 பேராகிவிட்டது. விந்தில் வைரஸ் இருக்கிறதா என்றும் தேடினார்கள், ஒருவரிடமும் இல்லை. சின்ன ஆய்வுதான், தொற்றில்லாதவர்களோடு ஒப்பிடவும் இல்லை. 30 பேரை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் லேபில் நாங்கள் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

தடுப்பூசி போட்டால் ஆண்மை போய்விடும் என்று அப்போது வாட்ஸப்பில் சுற்றியதே, நினைவிருக்கிறதா? அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தம்பதிகளைக் கவனித்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியால் கருத்தரிப்பு குறையவில்லை. கணவனுக்குத் தொற்று வந்த முதல் இரண்டு மாதம்தான் வாய்ப்பு கொஞ்சம் குறைந்தது, பிறகு சரியானது. பழியை ஊசி சுமந்தது, வேலையைக் காட்டியது தொற்று.

பொன்னுக்குவீங்கி இவ்வளவு லேசில் விடாது. அதுவும் தும்மல், இருமலில் பரவுவதுதான். வயசுக்கு வந்த ஆண்களுக்கு வந்தால் பத்தில் மூன்று பேர் வரை விரை வீங்கலாம். சிலருக்குப் பிறகு அது சுருங்கியும் போகும். முழு மலட்டுத்தன்மை அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு, கீழே வலிக்கிறது என்று பையன் சொல்லக் கூச்சப்படுவதைக் கவனிக்காமல் விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அரசு இலவசமாகப் போடும் தட்டம்மை-ருபெல்லா ஊசியில் இதற்கான தடுப்பு இல்லை, தனியாரில் போடும் எம்.எம்.ஆரில் உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

அதற்காகக் குறைந்த கவுன்ட் எல்லாவற்றையும் காய்ச்சலின் தலையில் கட்டச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்தும் ஏறாவிட்டால் வேரிகோசீல் (விரைப்பையில் ரத்த நாளம் புடைப்பது), ஹார்மோன் என்று வேறு இடத்தில் தேடத்தான் வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். கருத்தரிப்பு மருத்துவர்களிடம் பேசும்போது, அவர்கள் லேபின் தாளில் 'கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் உண்டா?' என்ற கட்டம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர்,
மன்னார்குடி.