வாடகை வீடு வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு: குடியிருப்போர் கையில் கொடுக்க வேண்டிய சில எளிய கருவிகள்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குரோம்பேட்டையில் குழாய் மற்றும் மின்சாதனக் கடை நடத்திவரும் எங்களிடம், கோடை நெருங்கும்போதெல்லாம் வீட்டு உரிமையாளர்கள் சொல்லும் குறை ஒன்றே: குடியிருப்பவர்கள் தண்ணீரையும் கரண்டையும் பார்த்துச் செலவழிப்பதில்லை. அதே கடைக்கு வரும் குடித்தனக்காரர்களோ, எது எவ்வளவு இழுக்கிறது என்று தங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும் என்று நாங்கள் உறுதியாக நம்புவதால், புதிதாகக் குடிவருவோரிடம் சாவியோடு சேர்த்துக் கொடுக்கக்கூடிய சிறு பை ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். உணவில் சேர்க்கும் நீல வண்ணப் பொட்டலம், ஒரு லிட்டர் அளவுக் குவளை, நீரில் காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும், குழாய் முனையில் திருகும் ஏரேட்டர் இரண்டு, தமிழில் அச்சிட்ட குறிப்பட்டை ஆகியவை அதில் உள்ளன.

முதலில் கழிவறையின் ஃபிளஷ் தொட்டியைப் பாருங்கள். அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால் தண்ணீர் கோப்பையின் சுவரை ஒட்டி, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல், இரவும் பகலும் இறங்கிக்கொண்டே இருக்கும். தொட்டி நீரில் சிறிது வண்ணத்தைக் கலந்து, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விட்டுப் பார்த்தால் போதும்; கோப்பையில் நீலம் தெரிந்தால் கசிவு உறுதி. வாஷரை மாற்றுவது சில நிமிட வேலைதான். அந்தச் செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கசிவைக் கண்டு சொன்னவர் தலையிலேயே செலவும் விழுமென்றால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். சொட்டும் குழாய்க்கு அளவுக் குவளை: ஒரு மணி நேரம் அடியில் வைத்து எடுத்து, சேர்ந்த நீரை 24ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு கைக்கு வந்துவிடும்.

ஏரேட்டரைச் சமையலறைத் தொட்டிக் குழாயிலும் வாஷ்பேசின் குழாயிலும் மட்டும் பொருத்துங்கள். வாளி பிடிக்கும் குழாயில் அதனால் பயனில்லை; வாளி நிறைய அதே பத்து லிட்டர்தான் வேண்டும், நேரம்தான் கூடும். பொருத்துவதற்கு முன்னும் பின்னும் குழாயை முழுவதும் திறந்து பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குடியிருப்பவரையே கைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்ற கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளும் உடனே போட்டுவிடுவார்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள வீடுகளில் ஏரேட்டரின் வலை அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

மின்சாரத்துக்குப் பையில் தனிக் கருவி வைக்கவில்லை, ஏனெனில் அது ஏற்கெனவே உங்கள் சுவரில் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கின் அருகே 3200 என்று அச்சிட்டிருந்தால், அது 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். வீட்டில் மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு 75 வாட் மின்விசிறி ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால், நிமிடத்துக்கு நான்கு முறை மினுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறியானால் இரண்டு முறைகூட முழுதாக வராது. 2000 வாட் கீசரைப் போட்டால் நூறு தடவைக்கு மேல் மினுக்கி, எண்ணவே முடியாமல் போகும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால், செட்டாப் பாக்ஸ் போன்ற ஏதோ ஒன்று சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். மீட்டரருகே நின்று இதை ஒருமுறை எண்ணிய குடும்பத்துக்கு, கீசரை அணைக்கும்படி மறுபடி சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விதிக்கப்படுகிறது என்பதைக் குறிப்பட்டையில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை ரீடிங்கை எழுதிவைக்க அதன் பின்புறத்தில் கட்டங்கள் உள்ளன. 500ஐ நெருங்குவது பில் வரும் முன்பே தெரிந்துவிடும்.

இங்கே உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் மாதம் இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும் வீட்டில், மிச்சப்படுத்தியவருக்கும் வீணாக்கியவருக்கும் ஒரே தொகைதான். அங்கே இந்தப் பையால் பெரிய மாற்றம் வராது. அந்தப் பகுதியின் உபயோகத்தை மட்டும் தனியாகக் காட்டும் சப் மீட்டர் ஒன்றைப் போர்ஷனுக்கு ஒன்றாக வைத்து, மாதந்தோறும் இருவரும் சேர்ந்து நின்று ரீடிங் எழுதுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோன 2019இல், லாரித் தண்ணீரைப் பங்கிட்ட வீடுகளில் ஒவ்வொரு குடமும் கணக்கில் இருந்தது. ஏரி நிறைந்திருக்கும் ஆண்டிலும் அந்தக் கணக்கு தொடர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

பிளக்கில் செருகி ஒவ்வொரு சாதனமும் எத்தனை யூனிட் எடுக்கிறது என்று காட்டும் அளவுமானியை, விலைக்கு வாங்காமல் முன்பணம் கட்டி ஒரு வாரத்துக்கு இரவலாக எடுத்துச் செல்லலாம். திருப்பித் தரும்போது முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். குறிப்பட்டை மட்டும் போதும் என்பவர்கள் அதை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். எத்தனை போர்ஷன் என்று சொன்னால் அத்தனை பிரதிகள் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்,
குரோம்பேட்டை